டியூப்லைட்டுக்குக் குடை பிடித்தவர்

வெளிச்சத்தோடு சண்டை போட்டே ஆயுளைக் கழித்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் டார்ச்சு சார்தான் என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். சூரியன் கிழக்கே உதிப்பதில் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. சாயங்காலம் மேற்கே இறங்குவதையும் ஒப்புக்கொள்வார். நடுவில் மத்தியானம் என்று ஒன்று வந்து உச்சந்தலைக்கு மேலே நிற்கிறதே, அதுதான் அவருக்கு ஆகாது. யாரிடம் மனுக் கொடுத்தால் சூரியனைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைப்பார்கள் என்று தெரிந்திருந்தால், கட்டாயம் கொடுத்திருப்பார்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. இன்றைக்கு ஓசூரைப் பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெங்களூர் போகிற லாரிகள் டீ குடிக்க நிற்கும் ஊர், குளிருக்குக் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று பாஷையில் பேரம் பேசுகிற ஊர், அவ்வளவுதான். ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் கம்பெனி இருந்தது. பட்டுக்கூடு வேகவைப்பதற்கு நீராவி கொடுக்கும் இரும்பு டிரம்கள் செய்வோம். எல்லை தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே பட்டு நூல் எடுக்கிற கொட்டகைகளுக்கு எங்கள் டிரம்தான் போகும். நான் கல்லாவியிலிருந்து வந்து டெஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். செய்து முடித்த சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. அனுப்ப விடாமல் தடுப்பது டார்ச்சு சாரின் வேலை.

அவருக்குக் கம்பெனி கொடுத்த பதவி இன்ஸ்பெக்டர். டிரம்மில் வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று, அறுக்காமல் உடைக்காமல், கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாசாரம். எங்களிடம் இருந்தது அவருடைய இரண்டு கண்களும் மூன்று பேட்டரிக் கட்டை போட்ட ஒரு டார்ச்சும்தான். தண்ணீரை அடைத்து அழுத்திப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. ஆனால் மெல்லிய விரிசல் தண்ணீரைத் தாங்கிவிடும். நீராவி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாள்பட்ட பிறகு திடீரென்று ஒருநாள் வாயைப் பிளக்கும். அதற்கு முன்னால் அதைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

ஆள் அடக்கமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். தன்னைப்போல் ஒரு கண் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று டீக்கடையில் புதிதாக வந்து உட்காருகிறவனிடம்கூடச் சொல்லுவார். கேட்டவன் எழுந்து போனால் டீ கொண்டுவந்து வைத்தவனிடம் மிச்சத்தைச் சொல்லுவார்.

காலையில் அவர் கொட்டகைக்குள் நுழைகிற அழகே தனி. வாசல் வரைக்கும் வேகமாக வருவார். நிலைக்கு உள்ளே ஒரு காலை வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். வெளியே வெயிலில் நடந்து வந்த கண் உள்ளே இருட்டுக்குப் பழக வேண்டுமாம். பழகாத கண்ணோடு இரும்பைப் பார்ப்பது இரும்புக்குச் செய்கிற அவமரியாதையாம். கேட்டால், “கண்ணு இன்னும் வெளியதான் நிக்குது, உள்ள வரட்டும்” என்பார். யாரோ நண்பனுக்காகக் காத்திருப்பதுபோல் சர்வ சாதாரணமாகச் சொல்லுவார்.

புதிதாக வந்த வாட்ச்மேன் இதைப் பார்த்து, சார் சாமி கும்பிடுகிறார் என்று முடிவு செய்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்றான். வாட்ச்மேன் நிற்பதைப் பார்த்து ஹெல்பர்கள் நின்றார்கள். அன்றைக்கென்று பெங்களூரிலிருந்து முதலாளியின் கார் வந்து சேர்ந்தது. வாசலில் ஒரு கூட்டமே கண்மூடி நிற்பதைக் கண்ட முதலாளி உருகிப்போனார். இனிமேல் தினமும் காலையில் எல்லோரும் இப்படி நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. எதற்காக நிற்பது என்று உத்தரவில் இல்லை. மாதாவைக் கும்பிடுகிறவர்கள் மாதாவையும், முனியப்பனைக் கும்பிடுகிறவர்கள் முனியப்பனையும் நினைத்துக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்தில் டார்ச்சு சாருக்குத்தான் நிற்க இடம் கிடைக்கவில்லை.

அவருடைய சித்தாந்தம் ரொம்பச் சின்னது. விளக்கை நேர் மேலே வைத்தால் எல்லா முகமும் லட்சணமாகத் தெரியும். அதே விளக்கைக் கன்னத்தோரம் சாய்த்து வைத்தால் அம்மைத் தழும்பு, முகப்பரு, சவரம் செய்யாமல் விட்ட இடம் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். இரும்பும் அப்படித்தான். டார்ச்சை டிரம்மோடு ஒட்டிப் படுக்க வைத்து வெளிச்சத்தை ஓடவிட்டால், விரிசல் தன் நிழலைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அதோடு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. டார்ச்சைச் சுற்றிச் சுற்றி வைத்து நாலா பக்கமும் பார்க்க வேண்டும்.

சரி, இதை டிரம்மோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நானும் அவரும் ஏரிக்கரைப் பக்கம் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் சவரம் செய்துவிட்டு வந்தால் தாடையோரம் டார்ச்சு வரும். ஹோட்டலில் தோசை வந்தால் தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, ஓட்டை எத்தனை என்று மாஸ்டருக்குத் தகவல் அனுப்புவார். மாஸ்டர் ஒருநாள் கரண்டியோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் வேறு ஹோட்டலில் சாப்பிட்டோம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை நடுக்கூடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பெண் வந்து நின்றதும் இவர் எழுந்து, அந்த விளக்கைக் கொஞ்சம் ஓரமாக மாற்றி வைக்க முடியுமா என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டார். வெளிச்சம் நேராக விழுந்து அந்தப் பெண்ணுக்குக் கண் கூசுகிறதே என்று பரிதாபப்பட்டுத்தான் கேட்டேன் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். பெண்ணின் அப்பா நம்பவில்லை. ஓரமாக மாற்றி வைக்கப்பட்டது இவர்தான்.

இப்படிப்பட்டவர் தலையில் முதலாளி ஒரு நல்ல காரியத்தைத் தூக்கிப் போட்டார்.

பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தவர், நம் இன்ஸ்பெக்ஷன் ரூம் மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட ஆரம்பித்தார். சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கூரை முழுக்க வரிசையாக டியூப்லைட், அத்தனையும் நேர் மேலே. டிரம்முக்கு வேறு அலுமினியப் பெயின்ட் பூசி, துணி போட்டுத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து வைக்கச் சொன்னார். ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவந்து ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டார்கள். போட்டவுடன் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டோம். இந்தத் தடவை பக்தியும் இல்லை, பழக்கமும் இல்லை; அவ்வளவு வெளிச்சம்.

அதன் பிறகுதான் அதிசயம் நடந்தது. அந்த அறைக்கு வந்த எந்த டிரம்மிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. மேலேயிருந்து வெளிச்சம் கொட்ட, டிரம் அதை வாங்கிக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்க, பார்க்கிறவன் கண்ணுக்கு அவன் மூக்குத்தான் தெரிந்தது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். விளக்குப் போட்டதிலிருந்து நம் சரக்கில் விரிசலே வருவதில்லை என்று போகிற இடமெல்லாம் சொன்னார். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இரும்பைக்கூட வெளிச்சத்தில் வைத்தால் அது திருந்திவிடும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கைதட்டினோம். மைசூர்பாகு வாயில் இருக்கும்போது வேறென்ன செய்வது?

டார்ச்சு சார் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்ஷன் ரூமுக்குள் போய் எல்லா டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு டிரம்மடியில் தவழ ஆரம்பித்தார். விஷயம் பெங்களூர் போயிற்று. வேலை நேரத்தில் டியூப்லைட்டை அணைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சுவிட்சுக்கு மேலே ஒரு பெட்டி போட்டுப் பூட்டினார்கள்.

அதற்கடுத்த நாள் டார்ச்சு சார் குடையோடு வந்தார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பெரிய கறுப்புக் குடை, கைப்பிடி வளைந்தது. அறைக்குள் போனார், குடையை விரித்தார், டிரம்முக்குப் பக்கத்தில் குந்தினார். இடது கையில் குடை, வலது கையில் டார்ச்சு. டியூப்லைட்டு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது, உத்தரவு அப்படியே காப்பாற்றப்பட்டது, குடைக்கு அடியில் மட்டும் அவருக்குப் பிடித்த இருட்டு இருந்தது. குடை பிடிக்கக்கூடாது என்று எவனும் சொல்லவில்லையே என்றார்.

அடுத்த வாரம் முதலாளி யாரோ ஒரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு புது அறையைக் காட்ட வந்தார். கதவைத் திறந்தால் ஜோதிமயமான அறை, நடுவில் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள். அதிகாரி மேலே பார்த்துவிட்டு, கூரை ஒழுகுமா என்று கேட்டார். முதலாளி ஒரு நிமிஷம் யோசித்து, லேசாக ஒழுகும் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாக்குக்காக ஆள் வைத்து, ஒழுகாத கூரைக்குத் தார் பூசினார்கள். குடையை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நடுவில் ஒரு முட்டைக்கோஸ் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மாள் கூடை நிறைய முட்டைக்கோஸ் வைத்திருந்தாள். டார்ச்சு சாருக்குக் கை சும்மா இருக்குமா? பட்டப்பகலில் டார்ச்சை எடுத்து ஒரு கோஸின் ஓரத்தில் படுக்க வைத்து அடித்தார். இலைக்குப் பின்னால் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தது. அதை அந்த அம்மாளுக்கும், முன்சீட்டில் இருந்தவர்களுக்கும் எடுத்துச் சொன்னார்.

“யோவ், கோசு வாங்க வந்தியா, கொற வாங்க வந்தியா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

டார்ச்சு தெறித்து விழுந்து டிரைவர் காலடி வரைக்கும் உருண்டது. பஸ்ஸே சிரித்தது. இவர் போய் எடுத்து வந்து, எரிகிறதா என்று அழுத்திப் பார்த்தார். எரிந்தது. அதோடு திருப்தியாகி மடியில் வைத்துக்கொண்டார். உலகத்தில் உள்ள பொருளையெல்லாம் ஓரத்தில் வெளிச்சம் அடித்துச் சோதித்தவர், தன் டார்ச்சை எரிகிறதா என்பதற்கு மேல் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு புதுத் தொகுதி டிரம்கள் சோதனைக்கு வந்தன. அத்தனையும் முனிராஜு வெல்டிங் வைத்தவை. முனிராஜு தளி மலைப்பக்கத்துப் பையன். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அப்பா அம்மா எல்லாம் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள்; அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் அவன்தான். அந்த மாசியில் அவனுக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. கம்பெனியில் வேலை என்பதைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள் என்று அவனே சொல்லுவான்.

டார்ச்சு சார் குடையை விரித்து முதல் டிரம்மில் வெளிச்சத்தை ஓடவிட்டார். வெல்டிங்கை ஒட்டி மெல்லியதாக ஒரு கோடு. சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். இரண்டாவது டிரம்மிலும் கோடு. மூன்றாவதிலும். மத்தியானத்துக்குள் அறை முழுக்கச் சிவப்புக் குறி. ஒரு டிரம் பாக்கியில்லை. வெளியே என் லாரி காலியாக நின்றது. எல்லையைத் தாண்டி அன்றைக்கே சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக முதலாளியே நேரில் வந்திருந்தார்.

முனிராஜுவைக் கூப்பிட்டார்கள். அவன் ஓடி வந்து முதல் டிரம்மில் குறி போட்ட இடத்தைக் கிரைண்டரால் தேய்த்தான். டார்ச்சு சார் குடைக்குள்ளிருந்து பார்த்து, அப்படியே இருக்கிறது என்றார். இன்னும் தேய்த்தான். அப்படியே இருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கோடு போகவில்லை, முனிராஜுவின் முகத்தில் இருந்த களைதான் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு ஆழமாக விரிசல் விடுகிறவன் வெல்டரா என்று முதலாளி ஆரம்பித்தார். அரை மணி நேரம் கத்தினார். கடைசியில், “நாளையிலேர்ந்து நீ வர வேணாம்” என்று சொல்லிவிட்டார்.

முனிராஜு நகரவில்லை. தெலுங்கும் வரவில்லை அவனுக்கு. ஒரே ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டான். டார்ச்சு சார் தன் டார்ச்சை எவன் கையிலும் கொடுக்கிறவர் இல்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தோ என்னவோ கொடுத்துவிட்டார். முனிராஜு எதிர்ப்பக்கம் குந்திக்கொண்டு டிரம்மில் வெளிச்சம் அடித்தான். பார்த்தான். டார்ச்சைக் கைக்குள்ளேயே கொஞ்சம் உருட்டினான். இன்னும் கொஞ்சம் உருட்டினான். பிறகு டிரம்மை விட்டுவிட்டுச் சுவரில் அடித்தான்.

“நோடி சார்” என்றான். பாருங்கள் என்பதைக் கன்னடத்தில்தான் சொல்ல வந்தது அவனுக்கு. “கோடு எங்கூடவே வருது.”

வெள்ளைச் சுவரில் அந்தக் கோடு இருந்தது. டார்ச்சைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. டார்ச்சின் முகக் கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரிசல். முட்டைக்கோஸ் அம்மாள் கொடுத்தது. காலையிலிருந்து டார்ச்சு சார் தன் டார்ச்சின் விரிசலைத்தான் ஒவ்வொரு டிரம்மிலும் கண்டுபிடித்து, சிவப்புக் குறி போட்டு வந்திருக்கிறார்.

சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் எப்படித் தவறவிட்டார் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கே சுற்றுவது? குடைக்கடியில் அவருக்குக் கிடைத்தது ஒரே பக்கம். டியூப்லைட்டு அவரைக் குடைக்குள் தள்ளிற்று, குடை அவரை ஒரே கோணத்தில் உட்கார வைத்தது. கம்பெனி எடுத்துவைத்த முன்னேற்றத்தில் ஒவ்வொரு படியும் இப்படித்தான் இருந்தது.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஹெல்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு வந்து கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். நானும் சிரித்தேன், அந்த இடத்தில் சிரிக்காதவன் மனுஷனே இல்லை. டார்ச்சு சார் குடையை மடக்கினார். காது மடல்வரைக்கும் சிவந்திருந்தது. நேரே முனிராஜுவிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தப்பு தன்னுடையது, அவனுடையது இல்லை என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொன்னார்.

முதலாளி சடாரென்று குளிர்ந்துபோனார். முனிராஜுவுக்கு வேலை திரும்பி வந்தது. சரக்கெல்லாம் நல்ல சரக்கு, ஏற்றுங்கள் என்று கையைத் தட்டினார். ஆட்கள் முதல் டிரம்மை உருட்ட ஆரம்பித்தார்கள்.

டார்ச்சு சார் அதன் முன்னால் போய் நின்றார். “டார்ச்சு ஒடஞ்சிருக்குதுன்னா நான் இன்னும் ஒண்ணையும் பாக்கலன்னு அர்த்தம் மொதலாளி” என்றார். “சரக்கு நல்லாருக்குதுன்னு அர்த்தம் இல்ல.”

இதற்கு மறுபடியும் சிரிப்பு எழுந்தது. முதலாளி டியூப்லைட்டைக் காட்டி, இத்தனை வெளிச்சத்தில் தெரியாத குறையா என்றார். இவர் விலகவில்லை. தள்ளிவிட்டு உருட்டுவதற்கும் யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் லாரி டிரைவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று முடிவாயிற்று. டிரைவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். அதுதான் ஒரே ஆறுதல்.

டவுனுக்குப் போய்ப் புது டார்ச்சு வாங்கி வர நேரமில்லை. டார்ச்சு சார் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அது என் சைக்கிளில் வந்து நின்றது. டைனமோ வைத்த சைக்கிள். புத்தம் புதிதாக லைட்டு மாட்டியிருந்தேன். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் லைட்டைக் கழற்றி, அதில் நீளமாக ஒயரைச் சேர்த்து, வெல்டிங் நடக்கிற இருட்டு மூலைக்குச் சைக்கிளைத் தள்ளிப்போய் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டார். டிரம்களை அங்கே உருட்டிவரச் சொல்லிவிட்டு, என்னை ஏறி மிதிக்கச் சொன்னார்.

டெஸ்பாட்ச் கிளார்க் வேலையில் சைக்கிள் மிதிப்பது வராது. அதுவும் எங்கேயும் போகாத சைக்கிள். நான் வியர்த்துக் கொட்ட மிதித்தேன். டார்ச்சு சார் அந்தச் சின்ன விளக்கை டிரம்மோடு ஒட்டிப் படுக்க வைத்து நாலா பக்கமும் சுற்றி வந்தார். இப்போது குடை இல்லை. சுற்றி நின்ற கூட்டம் சைக்கிள் பந்தயத்துக்குக் கொடுக்கிற மாதிரி எனக்கு உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தளர்ந்தால் விளக்கு மங்கும், உடனே அதட்டல் வரும்.

“தம்பி, சீரா மிதி. நீ மூச்சு வாங்கறப்ப வெளிச்சமும் மூச்சு வாங்குது.”

ஒவ்வொரு டிரம்மாகப் பார்த்து, சிவப்புக் குறியைத் தன் கையாலேயே துடைத்து அனுப்பினார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. துடைக்கத் துடைக்கச் சிரிப்புக் கூடியது. கடைசி டிரம் ஒன்றுதான் பாக்கி. டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போது டார்ச்சு சாரின் கை ஓரிடத்தில் நின்றது. விளக்கை அந்தப் பக்கம் கொண்டுபோனார், இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பிறகு தலையைத் தூக்காமலே, “இங்க இருக்குது” என்றார்.

அவ்வளவுதான், கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். இப்போது விரிசல் விளக்குக் கண்ணாடியிலா, உங்கள் கண்ணிலேயேவா என்று ஒரு குரல் கேட்டது. முதலாளி குனிந்து பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? முனிராஜுவின் தோளில் கை போட்டார். முதலாளி கை போட்ட தோள் அந்தக் கம்பெனியில் அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது.

“முனிராஜு, நீ வெல்டிங் வெச்சது. நீயே சொல்லிடுப்பா, ஒண்ணும் இல்லதானே?” என்றார்.

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. ‘ஒண்ணும் இல்ல’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வேலை இருக்கும், மாசியில் கல்யாணம் இருக்கும், டார்ச்சு சார் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார், எல்லோரும் லாரியை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையிலிருந்து தன்னைப் படுத்தி வைத்த மனிதருக்கு அவன் ஒன்றும் கடன்படவில்லை.

முனிராஜு குந்தி உட்கார்ந்து விளக்கை வாங்கினான். மேலேயிருந்து பார்த்தான், கீழேயிருந்து பார்த்தான், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தான். விளக்கை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். நான் டார்ச்சு சாரின் முகத்தைப் பார்த்தேன். ஜில்லாவில் முதல் கண் என்று சொல்லிக்கொண்ட மனிதர், பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற பையன் மாதிரி நின்றார்.

“இருக்குது மொதலாளி” என்றான் முனிராஜு. “இது கூட வரல. இங்கயேதான் நிக்குது.”

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. நன்றாகப் பார்த்துச் சொல் என்றார். முனிராஜு எழுந்து நின்று, “அந்த டிரம் பக்கத்துல பொம்பளைங்க உக்காந்து நூல் எடுப்பாங்க மொதலாளி” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி டிரம்மைப் பார்த்தார். அப்போதும் குனியவில்லை, குனிந்தால் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். முனிராஜுவை வேலையிலிருந்து நிற்கச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. சொல்லாததால் அவன் மறுநாளும் வந்தான், அதற்கடுத்த நாளும் வந்தான், அப்படியே இருந்துவிட்டான். பின்னாளில் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் முதலாளி, இந்தப் புது விளக்குகள் இல்லாவிட்டால் அந்த விரிசலைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் தலையாட்டினோம்.

அன்றைக்கு லாரி போன பிறகு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். முனிராஜு மட்டும் அந்த விரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி வெல்டிங் வைத்தான். அவன் முடிக்கிற வரைக்கும் டார்ச்சு சார் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணோடு பார்க்கக்கூடாதே. இரும்பு ஆறியதும் எழுந்து வந்தார். சொல்லாமலே நான் சைக்கிளில் ஏறினேன்.

அவர் குந்திக்கொண்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். முனிராஜு பக்கத்தில் குந்தினான். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு அந்த வெல்டிங் தையலை ஒரு பக்கமாகப் பார்த்தன, பிறகு மறுபக்கமாகப் பார்த்தன. கோடில்லை. “சரி” என்றார் டார்ச்சு சார். அவர் வாயிலிருந்து வருகிற உச்சகட்டப் பாராட்டு அதுதான். முனிராஜு சிரித்தான். அப்புறமும் இரண்டு பேரும் எழுந்திருக்காமல், வேறெங்கோ ஓரிடத்தில் விளக்கை வைத்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை மிதித்தது போதும் என்று சொல்ல இருவருக்குமே நினைவில்லை. தொடை இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும் அந்த மனுஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.